பெயருக்குக் கீழே ஒரு வரி: பண்பாட்டுப் புவியியல் சமூகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாநாடு கூட்டுபவர்களுக்கும், ஆய்விதழ் நடத்துபவர்களுக்கும், துறைகளில் நிலையான பணியில் அமர்ந்துவிட்ட மூத்தவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாநாட்டுக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். பெயர், மின்னஞ்சல், கட்டுரைத் தலைப்பு, சுருக்கம் என்று எல்லாம் நிரப்பியாயிற்று. அடுத்து 'நிறுவனம்' என்றொரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. என் ஒப்பந்தம் முடிந்து அப்போது ஏழு வாரம். கட்டத்தை வெறுமையாக விட்டு அழுத்தினேன், படிவம் நகரவில்லை. ஒரு சிறு கோடு இட்டேன், அதையும் ஏற்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'தனி ஆய்வாளர்' என்று அடித்தேன். படிவம் ஏற்றுக்கொண்டது.

தமிழில் 'தனி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். யாருக்கும் கட்டுப்படாதவர் என்பது ஒன்று, யாருமில்லாதவர் என்பது இன்னொன்று. மாநாட்டு வாசலில் கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையில் என் பெயர் பெரிய எழுத்திலும், அந்த இரண்டு சொல் சிறிய எழுத்திலும் இருந்தன. மூன்று நாளும் ஒன்றைக் கவனித்தேன். எதிரே வருபவரின் பார்வை முதலில் பெயரில் விழும். உடனே கீழ்வரிக்கு இறங்கும். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காததால் என் தோளைத் தாண்டிப் போய்விடும். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் நிற்கும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பணியில் இருந்த காலத்தில் என் கண்ணும் அதே தடத்தில்தான் இறங்கியிருக்கும். அப்படி இறங்குகிறது என்பதை நான் அறிந்திருக்கவும் மாட்டேன்.

மனிதர் இடத்தோடு கொள்ளும் உறவை ஆராய்வதுதான் நம் துறை. அதற்குள்ளேயே இருக்கும் அந்த அறியாமையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

புவியியலாளர் எட்வர்ட் ரெல்ஃப் 1976ல் இடத்தையும் இடமின்மையையும் பற்றி எழுதியபோது, ஓர் இடத்துக்குள் இருப்பதிலும் அதற்கு வெளியே இருப்பதிலும் பல படிகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். அவற்றில் ஆக ஆழமானது, அந்த இடத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் அதில் இருப்பது. பழகிய வீட்டில் இருட்டிலும் கை தானாக விளக்கின் பொத்தானுக்குப் போகிறதே, அந்த மாதிரி. எதிர் முனையில் நிற்பவருக்கோ எந்த இடமும் தன்னுடையதாகப் படாது, எல்லாம் ஒன்றுபோல அந்நியமாக இருக்கும். இந்தப் பாகுபாட்டை ஏறக்குறைய அரை நூற்றாண்டாக மேற்கோள் காட்டிவருகிறோம். குடிபெயர்ந்தவர்களைப் பற்றி, இடிக்கப்பட்ட குடியிருப்புகளைப் பற்றி, ஒரே அச்சில் வார்த்த புறநகர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அது நமக்குக் கைகொடுத்திருக்கிறது. நம் சொந்த மாநாட்டின் இடைவேளைக் கூடத்தைப் புரிந்துகொள்ள யாரும் அதைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே இருப்பவருக்குத் தான் உள்ளே இருப்பது தெரிவதில்லை என்றால், அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் வாசலில் நிற்கும் நாங்கள்தாம்.

வாசல் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிந்த நாளின் நள்ளிரவோடு பல்கலைக்கழக மின்னஞ்சல் நின்றது. நூலகக் கடவுச்சொல்லும் அதோடு போயிற்று. அதற்கு மூன்று மாதம் முன்பு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். திருத்தி அனுப்பச் சொல்லி வந்த கடிதம் செத்துப்போன அந்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரியவந்தபோது கெடு கடந்து பதினோரு நாள். ஆசிரியருக்கு எழுதினேன், அவர் பெருந்தன்மையாக அவகாசம் கொடுத்தார். ஆனால் மதிப்பாய்வாளர் படிக்கச் சொன்ன ஆறு கட்டுரைகளும் சந்தா கட்டிய நிறுவனத்தாருக்கு மட்டும் திறக்கும் சுவருக்குப் பின்னால் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நண்பரிடம் போய் நின்றேன். முதல் இரண்டு பேரிடம் கேட்கக் கூச்சமில்லை. ஐந்தாவது ஆளிடம் கேட்கும்போது, என் துறையின் வாசலில் நான் கடன் கேட்டு நிற்பவரைப் போல இருந்தேன். பத்தாண்டுக்கு மேல் படித்த துறை.

இதை என் சொந்தக் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குறுகிய கால ஒப்பந்தத்தில் கற்பிப்பவர்கள், முனைவர் பட்டம் முடித்து அடுத்த வேலைக்குக் காத்திருப்பவர்கள், குழந்தைக்காகவோ பெற்றோருக்காகவோ சில ஆண்டுகள் விலகியிருந்து திரும்ப நினைப்பவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இதே அனுபவம் வேறு வேறு உருவத்தில் நேர்ந்திருக்கிறது. இடைவேளைகளில் சுவரோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் பலர் முக்கியமான அழைப்புக்காக நிற்பவர்கள் அல்லர்.

நம் துறையின் கதவுகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை மறந்துவிட்டதால்தான் இன்றைய கதவுகள் நம் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். லண்டனில் 1830ல் தொடங்கிய ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1892ல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது. பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் அந்த முதல் அணியில் இருந்தார். 22 பெண்கள் நுழைந்ததும் எதிர்ப்புக் கிளம்பி, 1893ல் கதவு மறுபடி சாத்தப்பட்டது. அது திறக்க 1913 ஆயிற்று. அன்று எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்ற கர்சன் பிரபுதான், சங்கத்தின் தலைவராக இருந்தபோது பெண்களைச் சேர்க்கும் முடிவுக்குத் துணை நின்றார். இருபது ஆண்டுகளில் ஒருவர் மனம் மாற முடியும் என்பதை நன்றியோடு குறித்துக்கொள்கிறேன். அந்த இருபது ஆண்டுகளில் பயணம் செய்து, எழுதி, வரைந்து, உள்ளே வர முடியாமலே போன பெண்களையும் அதே மூச்சில் நினைக்கிறேன்.

அமெரிக்கப் புவியியலாளர் எலன் செம்பிள், ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர் ஃபிரெட்ரிக் ராட்ஸெலிடம் படித்தபோது, பெண் என்பதால் அவரை மாணவராகப் பதிந்துகொள்ளவில்லை. வகுப்பில் அமர்ந்து கேட்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அவரே பின்னாளில், 1921ல், அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்துக்குத் தலைவரானார். சூழலே மனிதரைத் தீர்மானிக்கிறது என்ற அவருடைய கோட்பாட்டை நம் துறை பிறகு கைவிட்டது, சரியாகத்தான் கைவிட்டது. ஆனால் பதிவேட்டில் பெயரில்லாமல் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்த அந்த மாணவியை நான் விட முடியவில்லை. என் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

இதைவிட எனக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. அதை இளையவர்களிடம் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அதே அமெரிக்கச் சங்கம் 1904ல் தொடங்கியபோது, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய சங்கமாக இருக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் முன்மொழிந்து தேர்ந்தெடுத்தால்தான் உறுப்பினர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது வாஷிங்டனில் அரசுப் பணியிலும் போர்ப் பணியிலும் ஏராளமான இளம் புவியியலாளர்கள் குவிந்தார்கள். வரைபடம் வரைந்தார்கள், நிலம் பற்றிய அறிக்கை தயாரித்தார்கள், நாள் முழுக்கப் புவியியலையே செய்தார்கள். சங்கத்தின் கணக்கில் அவர்களில் பெரும்பாலோர் புவியியலாளர் அல்லர். அதனால் 1943ல் தங்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டில், 1948ன் இறுதியில், பழைய சங்கம் அவர்களோடு இணைந்தது. உறுப்பினராவதற்கு இருந்த அந்தத் தேர்வுமுறையும் அதோடு போயிற்று. வெளியே நின்றவர்கள் நடத்திய இதழ் இன்றுவரை அந்தச் சங்கத்தின் இதழாக வந்துகொண்டிருக்கிறது. இன்று அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்களே, அந்தத் திரளுக்குக் கதவைத் திறந்து வைத்தவர்கள் அந்த இளையவர்கள்.

1948 என்ற ஆண்டு இன்னொரு விதத்திலும் நம்முடையது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புவியியல் கல்வியைக் கைவிட முடிவெடுத்த ஆண்டு அது. பிறகு 1980களில் மிச்சிகன், சிகாகோ, கொலம்பியா என்று ஒவ்வொன்றாகத் துறைகள் மூடப்பட்டன. ஒரு துறையே வீடற்றுப் போவது எப்படி இருக்கும் என்று நம் மூத்தவர்கள் நேரில் பார்த்தவர்கள். அந்தத் துறைகளில் இருந்தவர்கள் வரலாற்றுத் துறையிலும் மானுடவியலிலும் நகரத் திட்டத்திலும் ஒண்டிக்கொண்டு, 'நான் அடிப்படையில் புவியியலாளர்' என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினார்கள். அப்போது அவர்களை அவர்களுடைய நிறுவனத்தை வைத்து அளந்திருந்தால் நாம் எத்தனை பேரை இழந்திருப்போம்?

பண்பாட்டுப் புவியியலுக்குள் வந்தால் கதை இன்னும் நெருக்கமாகிறது. 1994ல் தொடங்கிய நம் இதழ் ஒன்றுக்கு 'எக்யூமின்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர் குடியிருக்கும் உலகம் என்பது பொருள். வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 2002ல் பெயர் மாறி இன்று வேறு பெயரில் வருகிறது. பெயர் மாற்றத்தைக் குறை சொல்லவில்லை. வீடு என்ற வேரோடு நம் உரையாடலுக்கு ஒருகாலத்தில் பெயர் சூட்டியிருந்தோம் என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆங்கிலக் கட்டுரைகளில் நாம் ஓயாமல் எழுதும் அந்த 'சேர்ந்திருத்தல்' என்ற கருத்துக்குத் தமிழில் நல்ல சொல் தேடியபோது சொந்தம், ஒட்டுதல், பாத்தியதை என்றெல்லாம் போய், கடைசியில் 'உரி' என்ற வேரில் வந்து நின்றேன். உரிமை, உரியவர், உரித்து எல்லாம் அதிலிருந்து வருபவை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்கே வாழ்வனவற்றைக் கருப்பொருள் என்றும், அந்த நிலத்தில் மனிதருக்கு உண்டாகும் உணர்வை உரிப்பொருள் என்றும் தமிழ் இலக்கணம் வகுத்தது. நிலத்தையும் உணர்வையும் இப்படி ஒரே கட்டமைப்புக்குள் வைத்துப் பார்ப்பதுதானே நம் துறையின் வேலை? இதை ஒரு கட்டுரையின் நடுவில் வைத்து எழுதினேன். மதிப்பாய்வாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, 'இது சுவையான உள்ளூர்த் தகவல், அடிக்குறிப்புக்கு மாற்றலாம். கோட்பாட்டுப் பகுதியில் இடம் பற்றிய அடிப்படை நூல்களைச் சேருங்கள்' என்று எழுதியிருந்தார். மாற்றினேன். வேலை தேடிக்கொண்டிருந்தேன், கட்டுரை வெளிவந்தாக வேண்டும். அந்த அடிக்குறிப்பைப் பார்க்கும்போது இன்றும் மனம் சுருங்குகிறது. அடுத்த முறை மாற்ற மாட்டேன்.

நம் துறையே மொழி தாண்டி வந்த சொல்லின் மேல் எழுந்தது என்பதை அந்த மதிப்பாய்வாளர் ஒரு கணம் மறந்திருக்க வேண்டும். அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர் 1925ல் நிலத்தோற்றத்தின் உருவவியல் பற்றி எழுதியபோது ஜெர்மன் மொழியில் நிலத்தோற்றத்தைக் குறிக்கும் 'லாண்ட்ஷாஃப்ட்' என்ற கருத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார். ஜெர்மன் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் சில காலம் ஜெர்மனியிலேயே பள்ளிக்குப் போனவர் அவர். வேற்றுமொழிச் சொல்லோடு வந்தவரை அன்று அடிக்குறிப்புக்கு அனுப்பியிருந்தால் அவர் கற்பித்த பெர்க்லியின் பெயரால் வழங்கும் மரபு என்று இன்று நாம் பேச ஒன்றும் இருந்திருக்காது.

பிரேசில் புவியியலாளர் மில்டன் சாந்தோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1964ல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறைப்பட்டு, பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர். பிரான்ஸ், கனடா, வெனிசுவேலா, தான்சானியா என்று பதின்மூன்று ஆண்டுகள் நாடுநாடாகப் போய்க் கற்பித்தார். 1977ல்தான் ஊர் திரும்பினார். 1994ல் புவியியலின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் வோத்ரன் லுட் பரிசு அவருக்குக் கிடைத்தது. வெளி, அதாவது 'ஸ்பேஸ்', என்பதன் இயல்பைப் பற்றிய அவருடைய பெரிய நூல் போர்த்துகீசிய மொழியில் 1996ல் வந்தது. ஆங்கிலத்துக்கு வந்தது 2021ல். இருபத்தைந்து ஆண்டு. அவர் 2001லேயே இறந்துவிட்டார். எத்தனையோ கண்டங்களில் வாழ்ந்து கற்பித்த ஒருவரின் பெரிய நூலே ஆங்கிலத்துக்குக் கால் நூற்றாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது என்றால், பெயர் தெரியாத ஓர் இளம் ஆய்வாளரின் கதி என்ன? நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2002ல் வெளிவரத் தொடங்கிய 'ஆக்மே' இதழ் படிக்கவும் எழுதவும் கட்டணமில்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கட்டுரை ஏற்று வருகிறது. மற்ற இதழ்களை அதுபோல மாறச் சொல்வது பெரிய கோரிக்கை என்று தெரியும். சுருக்கத்தையாவது எழுதியவரின் மொழியிலும் வெளியிடுங்கள். கட்டுரையின் அச்சாணியாக இருக்கும் சொல்லைச் சாய்வெழுத்தில் தள்ளி வைக்காதீர்கள்.

மாநாட்டுக்குள் ஒரு காட்சி. இரண்டாம் நாள் காலை அமர்வில் நான்கு கட்டுரைகள். மூன்றாவது கட்டுரையாளர் வரவில்லை. தலைமை வகித்தவர் நேரம் பார்த்துவிட்டு, 'விசா கிடைக்கவில்லையாம், ஆகவே கலந்துரையாடலுக்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் இருக்கிறது' என்றார். மேசையில் வராதவரின் பெயர்ப் பலகை அப்படியே நின்றது. அதை யாரும் எடுக்கவுமில்லை, அதைப் பார்க்கவுமில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் எல்லைகளின் வன்முறையைப் பற்றி நல்ல விவாதம் நடந்தது. நானும் பேசினேன். அறைக்கு வெளியே வந்த பிறகுதான், வராத அந்தக் கட்டுரையை யாராவது வாசித்திருக்கலாமே என்று எனக்கு உறைத்தது. எழுதியவர் அதை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். என் கையிலும் ஒரு பிரதி இருந்தது.

பிரிட்டிஷ் புவியியலாளர் டோரீன் மாஸி 1991ல் எழுதிய கட்டுரையில், உலகம் சுருங்குகிறது என்ற பேச்சை நிறுத்தி, யாருக்குச் சுருங்குகிறது என்று கேட்டார். சிலர் நகர்கிறார்கள், நகர்வை ஆள்கிறார்கள். சிலர் அந்த நகர்வின் மறுமுனையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வேறுபாட்டை அதிகாரத்தின் வடிவியல் என்றார். இடம் என்பது வேலி போட்ட துண்டு நிலமல்ல, எங்கெங்கிருந்தோ வரும் உறவுகள் வந்து சந்திக்கும் முடிச்சு என்றும் சொன்னார். இதை வரிக்கு வரி கற்பிக்கிறோம். அந்தக் காலிப் பெயர்ப் பலகை இருந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும், நான் உட்பட, அதைக் கற்பித்தவர்கள். 2020ல் பெருந்தொற்றால் டென்வரில் நடக்கவிருந்த அமெரிக்கச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சில வார அவகாசத்தில் இணையத்துக்கு மாறியது. செய்ய வேண்டும் என்றானபோது செய்ய முடிந்தது. விசா மறுக்கப்பட்டவருக்கு ஒரு திரையும், அதுவும் முடியாதபோது அவர் கட்டுரையை வாசிக்க ஒரு குரலும் எல்லா அமர்வுகளிலும் ஏற்பாடாக வேண்டும். அதைத் தலைமை வகிப்பவரின் கடமைகளில் எழுதி வையுங்கள்.

மாலை விருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடன் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ரான்ட் 1970ல், மனிதரின் நடமாட்டத்தை நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்து ஆராயும் காலப் புவியியலை முன்வைத்தபோது, ஒருவர் ஓரிடத்தில் ஒரு நேரத்தில் இருப்பதற்கு உடலின் இயலுமை, பிறரோடு கூடிவர வேண்டிய கட்டாயம், உள்ளே விடும் அதிகாரம் என்ற மூன்றும் ஒத்துவர வேண்டும் என்றார். கூட்டு நூல்கள், சிறப்பிதழ்கள், அடுத்த ஆண்டின் அமர்வுகள் எல்லாம் முடிவாவது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல், மது பரிமாறப்படும் மேசைகளில். கைக்குழந்தையோடு வந்தவரும், குடிக்காதவரும், தொலைவில் மலிவான அறை எடுத்துக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவரும் அங்கே இருப்பதில்லை. முடிவுகளைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள்.

புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டம் என்று ஒன்று நடத்துகிறீர்கள். அக்கறையோடு செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே புதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் தெரியாத நாற்பது பேரை ஓர் அறையில் விட்டுவிட்டு, தெரிந்தவர்கள் எல்லோரும் வேறு அறையில் இருந்தால் அறிமுகம் எப்படி நடக்கும்? அந்த ஒரு மணி நேரம் மூத்தவர்கள் பத்துப் பேர் வந்து, நான்கு நான்கு புதியவர்களோடு உட்கார்ந்து, 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை கேட்டிருந்தால் போதும். 'எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டாம்.

நான் இன்னும் இந்தத் துறையில் இருப்பதற்குக் காரணமும் ஓர் அமர்வுதான். முதல் மாநாடு, கடைசி நாள், பிற்பகல் கடைசி அமர்வு. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் கிளம்பும் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கிறது. அறையில் பேசுபவர்கள் மூன்று பேர், தலைவர் ஒருவர், கேட்பவர் ஒரே ஒருவர். வயதானவர். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிறிய குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் கோட்பாடு எதையும் கேட்கவில்லை. 'நீங்கள் காட்டிய நான்காவது படத்தில் சுவரில் ஒரு கறை தெரிகிறதே, அது எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?' என்று கேட்டார். வெள்ளம் ஏறி இறங்கிய கறை அது. நான் அளக்கவில்லை. 'அளந்து பாருங்கள், அங்கே இருக்கும் மக்கள் அந்தக் கறைக்கு மேலேதான் தங்கள் படங்களை மாட்டுவார்கள்' என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கறையிலிருந்து வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம், கையெழுத்தில். என் கட்டுரையில் எங்கே தயங்கினேன், எங்கே அவசரப்பட்டேன் என்று அவருடைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதியிருந்தார். நான் எந்த நிறுவனம் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. முகவரியை அமர்வுத் தலைவரிடம் வாங்கியிருக்கிறார்.

புவியியலாளர் யி-ஃபு துவானைப் பற்றிப் பேசும்போது இடத்தின் மீதான பற்று, வெளிக்கும் இடத்துக்கும் உள்ள உறவு என்று 1974, 1977 நூல்களோடு நிறுத்திவிடுகிறோம். தியான்ஜினில் பிறந்து, போரின் நடுவே இடம்பெயர்ந்து, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா என்று வளர்ந்து வாழ்ந்த அவர், 'அன்புள்ள சக ஆய்வாளருக்கு' என்று தொடங்கும் சிறு மடல்களை ஆண்டுக்கணக்கில் எழுதிச் சக ஆய்வாளர்களுக்கு அனுப்பிவந்தார். அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு 2002ல் நூலாகவும் வந்தது. எந்த ஊரையும் முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவர், மடல் எழுதியே தன்னைச் சுற்றி ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பெற்றவர்களுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்திருக்கும். ஆண்டுக்கு மூன்று பேருக்கு, பெயரே கேள்விப்படாத மூன்று பேருக்கு, அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். மாநாட்டுக் குழுவின் தீர்மானமோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாத வேலை இது.

நீங்கள் செய்ய வேண்டியதை மட்டுமே சொல்லி முடித்தால் நியாயமாகாது. களத்தில் எனக்காக வீடு வீடாக வந்து, கதவு தட்டி, பேச்சை மொழிபெயர்த்து, நான் தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்தியவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கறையை அளந்தபோது அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவர்தான். என் கட்டுரையில் அவருக்கு நன்றியுரையில் அரை வரி கொடுத்தேன். மாநாட்டுக்கு அழைக்கும் எண்ணமே எனக்கு வரவில்லை. நான் வாசலில் நிற்கிறேன் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நான் கூடத்தின் நடுவில் இருக்கிறேன். அடுத்த கட்டுரையில் அவர் என்னோடு சேர்ந்து எழுதியவராக வருவார், பேசி முடிவு செய்துவிட்டோம். கூட்டாசிரியருக்கும் நிறுவனம் கேட்பீர்கள் என்றால் அவரிடமும் இல்லை.

ஆகவே நூலகங்களோடு பேசக்கூடிய நிலையில் இருப்பவர்கள், ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு இரண்டு ஆண்டாவது நூலக அனுமதியும் மின்னஞ்சலும் தொடர வழி செய்யுங்கள். சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்கள், உறுப்பினராக இருக்கும் ஒருவருக்கு வேலை போனாலும் கட்டுரைகளைப் படிக்கும் வசதி போகாதபடி பாருங்கள். ஆய்விதழ் ஆசிரியர்கள், கட்டுரை அனுப்புபவரிடம் மாற்று முகவரி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இதில் கடைசி வேலையை நாளையே செய்துவிடலாம்.

அடுத்த மாநாட்டுக்கான பதிவு இன்னும் தொடங்கவில்லை. படிவம் இப்போது உங்களில் யாரோ ஒருவருடைய மேசையில்தான் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். எங்கள் கட்டுரை தயாராக இருக்கிறது. கடைசி நாள் பிற்பகலில் போட்டாலும் வருகிறோம், இருவரும். அட்டையில் பெயர்களை மட்டும் அச்சிட்டுத் தந்தால் போதும்.

அன்போடும் எதிர்பார்ப்போடும்,
உங்கள் சக ஆய்வாளர்